ஹாட் ஸ்டாண்ட்பை பிஎல்சி மாறும்போது வால்வு மூடிக்கொள்கிறது, உதவி வேண்டும்

பாய்லர் டிரம் லெவல் (தண்ணீர் மட்டம்) கன்ட்ரோலுக்கு இரட்டை சிபியு ஹாட் ஸ்டாண்ட்பை பிஎல்சி, அதாவது ஒரு சிபியு நின்றால் மற்றது உடனே பொறுப்பேற்கும் கட்டுப்பாட்டுக் கணினி; ரிமோட் ஐஓ (சிக்னல் வந்துபோகும் கார்டுகள்) ஈதர்நெட் ரிங்கில். போன ஷட்டவுனில் புது ஃபர்ம்வேர் ஏற்றியதிலிருந்து, பிரைமரியிலிருந்து ஸ்டாண்ட்பைக்கு மாறினாலே ஃபீட்வாட்டர் வால்வுக்குப் போகும் 4-20 மில்லியாம்பியர் சிக்னல் சட்டென்று 4-க்கு (வால்வு மூடும் அளவு) இறங்கி, சில நொடி கழித்துத்தான் மெல்ல ஏறி வருகிறது, அதற்குள் லெவல் சரிந்து லோ லெவல் டிரிப் (தண்ணீர் குறைந்தால் பாய்லரை நிறுத்தும் பாதுகாப்பு) வரைக்கும் போய்விட்டது. டிரிப்பைத் தவிர்க்கத்தானே இரண்டு சிபியு போட்டோம்!

இரண்டு சிபியுவையும் ஒத்திசைக்கும் சிங்க் ஃபைபர் கேபிளை மாற்றியாச்சு. இரண்டு சிபியுவிலும் ஒரே ஃபர்ம்வேர்தான். 24 வோல்ட் சப்ளையில் ரெக்கார்டர் போட்டுப் பார்த்தோம், துளிகூட இறங்கவில்லை. அவுட்புட் கார்டில் கடைசி மதிப்பைப் பிடித்து வைக்கும் செட்டிங் இருக்கிறது, ஐஓ வாட்ச்டாக் நேரத்தை (தொடர்பு அறுந்ததாக எடுத்துக்கொள்ளும் முன் கார்டு காத்திருக்கும் நேரம்) கூட்டியும் பலனில்லை. டிஜிட்டல் அவுட்புட் எதுவும் அசைவதில்லை. அப்புறம் ஒன்று, லூப்பை மேனுவலில் வைத்து மாற்றினால் சிக்னல் ஆடவே இல்லை, ஆட்டோவில் மட்டும்தான் இந்தப் பிரச்சினை. அதனால் என் சந்தேகமெல்லாம் கார்டு மேல் இல்லை, லெவலைப் பார்த்து வால்வு சிக்னலைக் கணக்கிடும் பிஐடி பிளாக் மேல்தான்.

பிஐடியின் இன்டக்ரல் மதிப்பு (லெவல் பிழையைச் சேர்த்துக்கொண்டே வரும் தொகை) ஸ்டாண்ட்பைக்கு சிங்க் ஆகாமல் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்பதை, பாய்லர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரிப் இல்லாமல் எப்படி உறுதி செய்வது?