ஸ்மோலென்ஸ்க் விபத்து: காக்பிட்டில் தளபதி நின்றாரா இல்லையா?

வான்காவலன்:
"அதிபர் மிரட்டினார், விமானி இறக்கினார், 96 பேர் செத்தார்கள், அவ்வளவுதான்" என்று நேற்று கரிசல்காரன் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. 2010 ஏப்ரல் 10, ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்கில் விழுந்தது போலந்து விமானப்படையின் டியூ-154 விமானம். 1940இல் சோவியத் அரசு போலந்து அதிகாரிகளைக் கொன்று குவித்த கேட்டின் படுகொலையின் 70ஆம் ஆண்டு அஞ்சலிக்குப் போனவர்கள். அதிபர் லெக் காச்சின்ஸ்கி, அவர் மனைவி மரியா, படைத்தளபதிகள், மத்திய வங்கித் தலைவர் எல்லோரும் பலியானவர்கள், விமானி புரோதாசியுக் மட்டும் குற்றவாளியா? அவரும் அந்த 96இல் ஒருவர்தானே. அதிபர் மிரட்டிய குரல் காக்பிட் (விமானிகள் அறை) ஒலிப்பதிவில் எங்கே இருக்கிறது? காட்டுங்கள்.

கரிசல்காரன்:
மிரட்ட வாய் திறக்கணுமா ஐயா? விமானப்படைத் தளபதி பிளாசிக் காக்பிட்டில் நின்றிருந்தார். 2011 ஜனவரியில் வந்த ரஷ்ய விசாரணை அறிக்கை சொல்கிறது. மேலதிகாரி முதுகுக்குப் பின்னால் நின்றால் எந்த விமானி திரும்பிப் போவான்?

வான்காவலன்:
ரஷ்ய அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். 2012இல் கிராக்கோவ் தடயவியல் நிறுவனம் அதே ஒலிப்பதிவை ஆராய்ந்தது. தளபதியுடையது என்று ரஷ்யர்கள் சொன்ன குரல் அவருடையதுதான் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. விமானப்படையில் 22 வருடம் தொழில்நுட்பப் பிரிவில் இருந்தவன் நான். காக்பிட்டில் நின்றார் என்றால் குரலைக் காட்டுங்கள்.

கரிசல்காரன்:
2015இல் வெளியான புதிய பதிவுப் பிரதியில் மறுபடி அவர் பேச்சு என்று குறித்திருந்தார்களே, அது உங்கள் கண்ணில் படாதே. சரி, 2008ஐ எடுத்துக்கொள்வோம். ஜார்ஜியா போர் நேரம். அதிபர் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் இறங்கச் சொன்னார். விமானி மறுத்து அஜர்பைஜானில் இறக்கினார். அதிகாரியாக வருகிறவன் பயப்படக்கூடாது என்கிற பொருளில் அதிபரே பேசினார். அன்றைக்குத் துணை விமானியாக உட்கார்ந்திருந்தது யார்? இதே புரோதாசியுக். பார்த்தவனுக்குப் பாடம் புரியாதா?

வான்காவலன்:
மறுத்த அந்த விமானிக்குப் பாதுகாப்பு அமைச்சர் பதக்கம் கொடுத்தார். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மறுத்தால் பதக்கம் என்பதும் பாடம்தான். கேள்விக்கு வாருங்கள். தளபதி நின்றாரா?

இரும்புக்கோட்டை:
நின்றால் என்ன, உட்கார்ந்தால் என்ன? விமானம் மோதியதாகச் சொல்கிற ஒரு பிர்ச் மரம் அவ்வளவு பெரிய விமானத்தின் இறக்கையை அறுக்குமா? போலந்தில் மறுபடி விசாரித்த மச்சியரேவிச் குழு வெடிப்பு என்றது. உடைந்த விமானத்தை ரஷ்யா இத்தனை வருடமாகத் திருப்பித் தரவில்லை. ஏன்? அதைக் கேளுங்கள்.

வான்காவலன்:
இறக்கை மரத்தில் பட்டது, இடது இறக்கையின் ஒரு பகுதி போயிற்று, விமானம் தலைகீழாகப் புரண்டது. 2011 ஜூலையில் வந்த போலந்து அரசின் விசாரணை அறிக்கையே, மில்லர் அறிக்கையே, அதைத்தான் சொல்கிறது. நீங்கள் சொல்லும் குழுவை 2023 டிசம்பரில் கலைத்துவிட்டார்கள். மூடுபனி, பார்வை இல்லாதபோது இறங்க வழிகாட்டும் ஐஎல்எஸ் கருவி இல்லாத ஓடுதளம். அதற்கு முன்னால் ஒரு பள்ளம். விமானத்தில் இருந்த வழிகாட்டி (நேவிகேட்டர்) ரேடியோ உயரமானியைப் பார்த்து உயரத்தைப் படித்தார், அது காட்டியது பள்ளத்திலிருந்து இருந்த உயரத்தை. "சரியான பாதையில் வருகிறீர்கள்" என்றே தரைக் கட்டுப்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேலே எழுப்ப முயன்றார்கள், ஆனால் அதற்கான தானியங்கிப் பொத்தான் ஐஎல்எஸ் இல்லாத அந்தத் தளத்தில் வேலை செய்யாது. இவ்வளவையும் விட்டுவிட்டு "மிரட்டினார்" என்று எழுதுவது நியாயமா?

கரிசல்காரன்:
இறங்கக் குறைந்தது 1000 மீட்டர் பார்வைத்தூரம் வேண்டும். இருந்தது 400, அதற்கும் கீழே. முந்தி வந்த ரஷ்யச் சரக்கு விமானம் இரண்டு முறை முயன்று திரும்பிப் போனது. இவர்கள் ஏன் போகவில்லை? தளபதி நின்றதால்!

தேன்மொழி:
நீங்கள் இரண்டு பேரும் அந்தக் காக்பிட்டை விட்டு வெளியே வரமாட்டீர்களா? பலியானவர்கள் என்று சொல்லிவிட்டு அதிபர், அவர் மனைவி, விமானி, தளபதி தவிர வேறு ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை. அன்னா வாலென்டினோவிச், கிடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டியவர். 1980இல் அவரை வேலையை விட்டு நீக்கியதால்தான் அங்கே வேலைநிறுத்தமே வெடித்தது. அந்த அம்மாவின் கல்லறையில் இருந்தது வேறொருவர் உடல். 2012இல் தோண்டிய பிறகே தெரிந்தது. போலந்தின் நாடுகடந்த அரசின் கடைசி அதிபர் கச்சரோவ்ஸ்கிக்கும் அதே கதி. பணிப்பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள், அவர்களுக்காக யாராவது ஒரு வரி எழுதினீர்களா?

வான்காவலன்:
தேன்மொழி, அந்த வலி எனக்கும் உண்டு. ஆனால் முதலில் குற்றச்சாட்டைத் துடைக்க வேண்டும். விமானிக்கும் குடும்பம் இருக்கிறது.

மேலூரான்:
2021 டிசம்பர் 8, குன்னூரில் ஜெனரல் ராவத் போன ஹெலிகாப்டரிலும் இதே மேகம்தான். அதையும் சேர்த்துப் பேசலாமே. இன்னொன்று, பிளாசிக் இல்லை, ப்வாஷிக். நீங்கள் 'ல' என்று எழுதிய எழுத்து போலந்து மொழியில் 'வ' மாதிரி ஒலிக்கும்.

கரிசல்காரன்:
பெயரைத் திருத்த வந்துவிட்டார். போன மாதம் உங்கள் கப்பல் இழையில் நான் ஒரு எழுத்தைத் திருத்தியதற்கு மூன்று நாள் சண்டை போட்டீர்களே, மறந்துவிட்டதா?

மேலூரான்:
மறக்கவில்லை. அன்றைக்கும் நீங்கள் சொன்னது தப்பு.

இரும்புக்கோட்டை:
மரத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வான்காவலன்:
சொல்லியாயிற்று, மேலே போய்ப் படியுங்கள். கரிசல்காரன், பெயர்ச் சண்டையில் நழுவாதீர்கள். பிளாசிக்கோ ப்வாஷிக்கோ, அவர் காக்பிட்டில் நின்று "இறக்கு" என்று சொன்ன ஒரு சொல், ஒரே ஒரு சொல் காட்டுங்கள். காட்டினால் என் பதிவு எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன்.

கரிசல்காரன்:
நின்றதே போதும் என்கிறேன். எத்தனை தடவை சொல்வது?

வான்காவலன்:
நின்றார் என்பதற்கே குரல் இல்லை என்கிறேன். நான் எத்தனை தடவை சொல்வது?