ஆளில்லாத குளத்தில் ஆறு அத்தியாயம்: இது விளையாட்டா, வெறும் நடையா?

மஞ்சக்குப்பத்தான்:
'பூல்ஸ்' வீடியோ கேமை முடித்துவிட்டேன். பின்லாந்தின் டென்சோரி குழு 2024-இல் வெளியிட்டது. வெள்ளை ஓடு பதித்த சுவர், முழங்கால் அளவு தண்ணீர், முடிவே இல்லாமல் வளைந்து போகும் கூடங்கள். முதல் பத்து நிமிடம் அசந்துதான் போனேன். சரி, அடுத்து ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தால் ஒன்றும் வரவில்லை. துரத்தும் பேய் இல்லை, மதிப்பெண் இல்லை, பின்னணி இசைகூட இல்லை. நடை, நடை, நடை. இதற்குக் காசு வேறு. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். அங்கே சும்மாவே நடந்திருப்பேன்.

முத்தியால்பேட்டைக்காரி:
அங்கே நடந்தால் சுண்டல்காரர் கூப்பிடுவார், தம்பி. இங்கே கூப்பிட ஆளில்லை, அதுதான் விஷயமே. ஹெட்போன் போட்டு விளையாடினீர்களா? ஈர ஓட்டில் கால் பட்டால் ஒரு சத்தம், தண்ணீரில் இறங்கினால் வேறு சத்தம், உயரமான கூடத்துக்குள் நுழைந்தால் அதே காலடி எங்கிருந்தோ திரும்பி வரும். இசை இல்லாததால் காது தானாகவே எதையோ தேட ஆரம்பித்துவிடும். ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். நான் நின்ற பிறகும் தண்ணீர் சத்தம் நிற்கவில்லை. எழுந்து லைட்டைப் போட்டேன்.

மஞ்சக்குப்பத்தான்:
ஹெட்போன் இல்லை, அக்கா. தலைக்கு மேல் ஃபேன் கடகடத்துக்கொண்டிருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜப்பான்காரர்களின் 'எக்ஸிட் 8' (2023) பாருங்கள். அதுவும் சுரங்க நடைபாதைதான், எதிரே வரும் ஒரே ஓர் ஆளைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் நமக்கு வேலை இருக்கிறது. ஏதாவது மாறியிருந்தால் திரும்ப வேண்டும், இல்லையென்றால் நேரே போக வேண்டும். சுவரொட்டி முதல் கதவு வரை கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். அது விளையாட்டு.

முத்தியால்பேட்டைக்காரி:
அந்த வேலைதான் எனக்கு பயத்தையே கெடுத்தது. வித்தியாசத்தை எண்ணிக்கொண்டிருக்கும் மனதுக்கு மிரள நேரம் ஏது?

ஓ.டி. ராக்கோழி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஆளில்லாத இடத்தைப் பார்த்து மிரளும் இந்த மோகத்தைக் கிளப்பிவிட்டது 'பேக்ரூம்ஸ்' என்று 2019-இல் இணையத்தில் பரவிய, ஆளில்லாத மஞ்சள் அறையின் புகைப்படம். அது எந்த இடம் என்று 2024-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஆஷ்கோஷ் என்ற ஊரில் ஒரு கடையைப் புதுப்பிக்கும்போது 2002-இல் எடுத்த படமாம். கொத்து வேலை நடந்த இடத்தைப் பார்த்தா ஐந்து வருஷம் பயந்தோம்! எனக்கு அன்றோடு பயம் போயிற்று. நம் ஊர்க்காரனை மிரட்ட நீச்சல்குளம் எதற்கு? கல்யாணம் முடிந்த மறுநாள் மத்தியானம் மண்டபத்துக்குள் விட்டால் போதும். அடுக்கி வைத்த நாற்காலி, வாடிய வாழைமரம், விட்டு விட்டு எரியும் ஒற்றை டியூப் லைட்.

மில்காரர் மகன்:
மண்டபம் பயமுறுத்தாது, அண்ணே. என் அப்பா புதுச்சேரி ஏ.எஃப்.டி. துணி மில்லில் தறி ஓட்டியவர். 1898-இல் தொடங்கிய மில். 2011 'தானே' புயலில் நொறுங்கி, 2020-இல் ஒரேயடியாக மூடினார்கள். பூட்டிய கேட் வழியே ஒருநாள் எட்டிப் பார்த்தேன். பயம் வரவில்லை, தொண்டை அடைத்தது. ஷிப்ட் சங்கு ஊதினால் சைக்கிள்கள் வெளியே கொட்டியதைப் பார்த்தவன் நான். அந்த விளையாட்டில் அப்படி நினைத்துப் பார்க்க ஒன்றுமே இல்லை. யாரும் இதுவரை குளிக்காத குளம். ஆனால் விளக்கு எரிகிறது, தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. யாருக்காக? எனக்கு வயிற்றைப் பிசைந்தது அந்த இடத்தில்தான்.

மஞ்சக்குப்பத்தான்:
இது நியாயம். 'தானே' புயல் அடித்தபோது எங்கள் தெருவிலும் பல நாள் கரண்ட் இல்லை. கும்மிருட்டு, ஆனால் திண்ணை முழுக்க ஆட்கள், இரவெல்லாம் பேச்சு. ஆளில்லாத இடத்தில் தனியாக மாட்டிக்கொண்ட அனுபவமே எனக்கு இல்லையோ என்னவோ.

முத்தியால்பேட்டைக்காரி:
ஹெட்போனோடு ஒரே ஓர் அத்தியாயம் போய்ப் பாருங்கள், தம்பி. ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குள் விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்தான். முழுக்க முடித்துவிட்டுக் கேட்காதீர்கள், பாவம்.

மஞ்சக்குப்பத்தான் (மறுநாள்):
நேற்று ராத்திரி போட்டுப் பார்த்தேன். இப்போதும் சொல்கிறேன், இது விளையாட்டு இல்லை. பாத்ரூம் குழாய் சொட்டுகிறதா என்று மட்டும் படுக்குமுன் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.