இல்லத்தில் சின்னம்மை: ஞாயிறு வகுப்புக்குப் போகலாமா?

கேள்வி: கோத்தகிரி ஆசிரியை

வணக்கம். இங்குள்ள ஒரு குழந்தைகள் இல்லத்தில் இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முப்பத்திரண்டு பிள்ளைகளில் ஐவருக்கு இந்த வாரம் சின்னம்மை போட்டிருக்கிறது. சமையல் அம்மாவும் வார்டனும் மட்டுமே இரவும் பகலும் பார்த்துக்கொள்வதால், யாராவது உதவிக்கு வந்தால் நல்லது என்று வார்டன் கேட்டார். எனக்குச் சிறுவயதில் அம்மை வந்ததா என்று கேட்டறிய இன்று அம்மா இல்லை. வீட்டில் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறார், ஏழு மாதம். நான் போனால் அம்மையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன் என்று மாமியார் அஞ்சுகிறார். போகாமலிருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்: குன்னூர், ஓய்வுபெற்ற செவிலியர்

சகோதரி, உங்கள் மாமியார் அஞ்சுவதில் பாதி சரி. சின்னம்மை வந்து தேறியவரோ, இரண்டு தவணைத் தடுப்பூசி போட்டுக்கொண்டவரோ அதைச் சேலையில் சுமந்து வீட்டுக்கு வருவது அநேகமாக நடப்பதில்லை. தனக்கே தொற்றியதை அறியாமல் நடமாடுபவர்தான் பரப்புகிறார். தொற்றிய 10 முதல் 21 நாட்களுக்குள் கொப்புளம் எழும். ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாட்கள் முன்பே மூச்சுக்காற்றின் வழியாகப் பரவத் தொடங்கி, கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை பரவும். ஆகவே நீங்கள் கேட்டதைவிட முக்கியமானது வேறொன்று: கடைசியாக எப்போது அங்கே போனீர்கள்?

பெரியவர்களுக்கு 4 முதல் 8 வார இடைவெளியில் இரண்டு தவணை ஊசி உண்டு. அரசின் இலவச அட்டவணையில் இல்லாததால் வெளியில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். கர்ப்பிணிக்கு அந்த ஊசி கூடாது. கர்ப்பிணிக்கு அம்மை வந்தால் நுரையீரலைத் தாக்கக்கூடும் என்பதாலும், பிரசவத்தை ஒட்டி வந்தால் பச்சிளங்குழந்தைக்கு உயிராபத்து என்பதாலும்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வார்டனிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, அது பிள்ளைகளின் மூளையையும் கல்லீரலையும் பாதிக்கக்கூடும்.

கோத்தகிரி ஆசிரியை

கடந்த ஞாயிறு போயிருந்தேன். செவ்வாயன்று முதலில் கொப்புளம் கண்ட பையன் அன்று என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். இன்று சனிக்கிழமை.

குன்னூர் செவிலியர்

அப்படியானால் இனிப் போவதா என்பதல்ல, ஏற்கெனவே போய்வந்ததற்கு என்ன செய்வது என்பதே கேள்வி. தொற்றுக்கு ஆளான 3 முதல் 5 நாட்களுக்குள் போட்டால் ஊசி நோயைத் தடுக்கவோ தணிக்கவோ கூடும்; அந்தக் காலம் உங்களுக்குக் கடந்துவிட்டது. எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று இன்றே இரத்தம் கொடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் எட்டாம் நாளிலிருந்து இருபத்தொன்றாம் நாள்வரை நாத்தனாருடன் ஒரே கூரையின்கீழ் இருக்காதீர்கள். அதற்கும் முன்னதாக, அவருக்குச் சிறுவயதில் வந்ததா என்று மாமியாரிடம் கேளுங்கள். வந்திருந்தால் கவலையில் பெரும்பகுதி தீர்ந்தது. எதுவாயினும் அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பதில்: கொடைக்கானல், தன்னார்வலர்

எங்கள் ஊர் இல்லத்தில் நாங்கள் செய்த தவறைச் சொல்கிறேன். முதல் வாரத்தில் பன்னிரண்டு பேர் ரொட்டியும் பழமுமாகப் போய் நின்றோம். குளிருக்குப் பயந்து சன்னல்களையெல்லாம் அடைத்திருந்த கூடத்தில் எல்லாரும் கூடினோம். இரண்டு வாரம் கழித்து அடுத்த கும்பல் பிள்ளைகளுக்குப் போட்டபோது எங்களில் ஒருவர்கூட அங்கில்லை. இருவர் படுக்கையில், மற்றவர்களுக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. கூட்டு இல்லத்தில் அம்மை ஒரே அலையாக வராது என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. முன்பே அம்மை கண்டவர்கள் மூன்று பேர் முறைவைத்து ஒன்றரை மாதம் போவதே பயன். உள்ளே போக முடியாதவர்களுக்கும் வேலை உண்டு: மழைக்காலத்தில் மலையில் கம்பளி காய்வதில்லை, அதைத் துவைத்துக் காயவைத்துத் தருவதே பேருதவி. வேப்பிலைகூட மேட்டுப்பாளையத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோதான் மேலே வர வேண்டியிருக்கிறது!

பதில்: உதகை, இல்லத்தில் வளர்ந்தவர்

எனக்கு அம்மை போட்டபோது வயது ஒன்பது. தனியறையில் அரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஞாயிறுதோறும் வந்த அக்கா ஒரு வார்த்தையும் சொல்லாமல் நின்றுவிட்டதைத் தாங்க முடியவில்லை. என்னால்தான் அவர் வரவில்லை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். நீங்கள் வராத காரணத்தையும், எப்போது வருவீர்கள் என்பதையும் பிள்ளைகளுக்கு எழுதி அனுப்புங்கள், ஆசிரியை அவர்களே. படம் எடுத்துப் போடும் உதவியாளர்களை மட்டும் வாசலிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். இல்லப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது.

கோத்தகிரி ஆசிரியை

நாத்தனாருக்கு ஐந்தாம் வகுப்பில் வந்ததாம். நெற்றியிலுள்ள தழும்பைக் காட்டிச் சிரிக்கிறார். அவருடைய மருத்துவரிடமும் சொல்லிவிட்டோம். நான் இரத்தம் கொடுத்துவிட்டேன். முடிவு வரும்வரை மாடி அறையில் இருக்கிறேன். முப்பத்திரண்டு பேருக்கும் பெயர் எழுதித் தனித்தனியே கணக்குத்தாள் தயாரித்து, ஒவ்வொன்றின் அடியிலும் எந்த ஞாயிறு வருவேன் என்பதைப் பென்சிலால் குறித்திருக்கிறேன். என் கணவர் நாளை அவற்றை வாசலில் கொடுத்துவிட்டு வருவார்; அவருக்கு 1998 இலேயே வந்து போய்விட்டது.