அடுப்படியில் வேர்விட்ட அத்தி

முருங்கைக் கம்பை ஒடித்துக் குத்தினாலே துளிர்க்கிற ஊர் நம்முடையது. அந்த நினைப்பில்தான் முதல் தடவை ஐப்பசி மழையில் சீமை அத்திக் குச்சிகளை வேலியோரம் குத்திவைத்தேன். குலசேகரம் பக்கம் வீடு, மழைக்குக் கேட்கவா வேண்டும். கொஞ்ச நாளில் பிடுங்கிப் பார்த்தால் அடி கறுத்து, தோல் கையோடு உரிந்து வந்தது. நான் சொல்வது ஓடைக்கரையில் நிற்கிற நாட்டு அத்தி இல்லை. கடையில் காயவைத்து மாலையாகக் கோத்து விற்கிறார்களே, அது.

போன வருஷம் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்தேன். மார்த்தாண்டத்தில் மதினி வீட்டில் பூனா அத்தி நின்றது. பென்சில் பருமனில், முற்றின கம்பாக, ஒரு சாண் நீளத்துக்கு ஆறு குச்சி வெட்டித் தந்தாள். வெட்டின இடத்தில் பால் வடிந்தது. ரப்பர் வெட்டுகிற ஊர்க்காரிக்குப் பால் என்ன புதுசா என்று துடைக்காமல் விட்டதில் மணிக்கட்டு இரண்டு நாள் அரித்தது. குச்சி காயாமல் இருக்க மேல் முனையில் மெழுகுதிரி உருக்கி ஒரு சொட்டு. உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் கப்பில் துளை போட்டு, நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூளில் இரண்டு கணு புதைகிற மாதிரி நட்டு, அடுப்படி ஜன்னல் திட்டில் வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் பச்சை இலை! எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன். அங்கேதான் கெட்டது. முதல் இலை குச்சியில் சேர்ந்திருக்கிற சத்தை வைத்து வருவது, அப்போது கீழே வேரே இருக்காது. நாலு குச்சி இலையோடு தொங்கிவிட்டது. கப்புக்குள் சாம்பல் பூஞ்சை, மேலே பொடி ஈ. மிச்சம் இரண்டும் பிழைத்ததில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. ஊறுகாய்ப் பரணிக்குப் பின்னால் இருந்ததால் ஊற்ற மறந்துபோனேன், அவ்வளவுதான். ஐந்தாம் வாரம் கப்பின் சுவரோடு ஒட்டி இடியாப்ப இழை மாதிரி வெள்ளை வேர்.

இப்போதெல்லாம் கப்பைத் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்தால்தான் தண்ணீர்.

*

அக்கா, எனக்கு ஆரல்வாய்மொழி. இங்கே காற்றுதான் வில்லன். ஆடியில் வைத்த குச்சி ஜன்னலோரத்திலேயே சுக்காகிவிட்டது. அப்புறம் அடி வெட்டின குப்பியால் மூடி, இலை வந்தபின் தினமும் கொஞ்ச நேரம் திறந்துவைத்தேன். நாலில் மூன்று பிடித்தது. அதில் ஒன்றை முதல் நாளே முழு வெயிலில் வைத்துக் கருக்கினேன், அது தனிக்கதை.

*

நான் கருங்கல் ஊர்க்காரன், இப்போது டொராண்டோவில். இங்கே பனிக்காலத்தில் அத்தி இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கும், அப்போதுதான் குச்சி வெட்டுவோம். வேர் வர 24, 25 டிகிரியாவது இருந்தால் நல்லது என்று கப்புக்கு அடியில் சூடேற்றும் விரிப்பு போட்டிருக்கிறேன். உங்களுக்கு அடுப்படியில் அது சும்மா கிடைக்கிறதே அக்கா!

*

சூடு சும்மா கிடைக்கிறது தம்பி, ஈரமும் கூடவே கிடைக்கிறதே. பிழைத்த இரண்டில் ஒன்றை மதினிக்கே கொடுத்துவிட்டேன். அவள் வீட்டு மரம் கார்த்திகை மழையில் அடி அழுகிச் சாய்ந்துவிட்டது.