பிட்லாக்கரும் விபிஎன்னும் இருந்தால் போதுமா?

வினவி:
விண்டோஸ் 11 மடிக்கணினி. வட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இயங்குகிறது, இணைப்பை மறைக்கக் கட்டண விபிஎன் இருக்கிறது, செய்திகளுக்கு சிக்னல். தகவல் தருபவர்களின் பெயர்களும் கோப்புகளும் இதில்தான் உள்ளன. அரசுத் தரப்பு கணினியைப் பறிமுதல் செய்தாலோ, இணைப்பைக் கண்காணித்தாலோ எங்கே ஓட்டை? எதை முதலில் அடைப்பது?

பூட்டுக்காரர்:
பிட்லாக்கரிலிருந்தே தொடங்குங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியை அமைத்திருந்தால், 48 இலக்க மீட்புச் சாவி பெரும்பாலும் அந்தக் கணக்கில் ஏறியிருக்கும். சட்டப்படியான ஆணை வந்தால் நிறுவனம் அதைக் கொடுத்துவிடும். பூட்டை யாரும் உடைக்கவே வேண்டாம்.

கணக்கில் போய் அழித்தால் மட்டும் போதாது, சாவியையே மாற்ற வேண்டும். நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிட்லாக்கரைக் கையாளும் மேனேஜ்-பிடிஇ (manage-bde) கட்டளை மூலம் சி டிரைவின் சாவிகளைப் பட்டியலிடுங்கள். பழைய மீட்புச் சாவியின் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, புதியதைச் சேர்த்துத் தாளில் எழுதுங்கள். அதன் பிறகு அந்த எண்ணைக் கொடுத்துப் பழையதை நீக்குங்கள். எண்ணுக்குப் பதில் வகையைச் சொல்லி நீக்கினால் புதியதும் சேர்ந்து போய்விடும். கடைசியில், புதிய சாவி கணக்கில் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

அடுத்து, சாவியைக் காக்கும் டிபிஎம் (கணினிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சில்லு) மட்டும் காவல் என்றால் கணினியைப் போட்டவுடன் வட்டு தானாகத் திறந்துகொள்ளும். ப்ரோ பதிப்பில் குழுக் கொள்கை (Group Policy) அமைப்புகளுக்குள் போய், தொடக்கத்தில் கூடுதல் அங்கீகாரம் கேட்கும் அமைப்பை இயக்கி, PIN எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹோம் பதிப்பில் இந்த வசதி கிடையாது. அதில் உள்ள எளிய வடிவமான சாதனக் குறியாக்கத்தை முழுதாக அணைத்துவிட்டு, வெராகிரிப்ட் என்ற இலவசக் குறியாக்க மென்பொருளைப் போடலாம். பயாஸை (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளை) புதுப்பிக்கும் முன் பிட்லாக்கரை இடைநிறுத்துங்கள், இல்லாவிட்டால் மீட்புச் சாவி கேட்டு நின்றுவிடும். அந்தத் தாளைக் கணினிப் பையில் வைக்காதீர்கள்!

முனையம்:
இதெல்லாம் கணினி முழுவதும் அணைந்திருந்தால்தான் பலிக்கும். மூடியைச் சாத்தித் தூங்க வைத்தால் சாவி ரேமிலேயே (தற்காலிக நினைவகத்திலேயே) கிடக்கும். ரேமைக் குளிரவைத்து அதிலிருந்து சாவியை எடுக்க முடியும் என்று 2008-லேயே பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். வெளியே எடுத்துப் போகும் முன் ஷட் டவுன் செய்யுங்கள்.

வெராகிரிப்ட் என்றால் கடவுச்சொல்தான் எல்லாம். பகடை உருட்டிக் கடவுச்சொல்லுக்குச் சொற்களைத் தேர்ந்தெடுக்க உதவும் டைஸ்வேர் பட்டியலில் 7776 சொற்கள். ஒரு சொல்லுக்குப் பகடையை ஐந்து முறை உருட்டி, ஆறு சொற்கள் எடுத்தால் சுமார் 77 பிட் வலிமை. உங்களுக்குப் பிடித்த ஆறு சொற்களை நீங்களே பொறுக்கினால் இந்தக் கணக்கு செல்லாது.

நிழற்குடை:
விபிஎன்னால் உங்கள் இணையச் சேவை நிறுவனம் பார்த்ததை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும், அவ்வளவுதான். ‘பதிவு வைப்பதில்லை’ என்ற அவர்கள் வாக்கை வெளியிலிருந்து சரிபார்க்க வழியில்லை. தகவல் தருபவர்கள் சம்பந்தப்பட்ட வேலைக்கு டோர் உலாவிதான். இணைப்பு மூன்று கணுக்கள் (இடைக் கணினிகள்) வழியாகச் சுற்றிப் போவதால், நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டும் ஒரே கணுவுக்குத் தெரியாது. அதற்குள் சொந்தக் கணக்கில் நுழைந்தால் எல்லாம் வீண். உலாவியில் நீட்சி (கூடுதல் செருகுநிரல்) எதையும் சேர்க்காதீர்கள்.

வினவி:
டோர் பயன்படுத்துவதே கண்ணில் படாதா?

நிழற்குடை:
படும். 2013-ல் ஹார்வர்டு வளாகத்தில் பொய் வெடிகுண்டு மிரட்டலை டோர் வழியாக அனுப்பிய மாணவர் அப்படித்தான் சிக்கினார். டோர் உடையவில்லை, அந்த நேரத்தில் வளாக வலையமைப்பிலிருந்து டோருக்குப் போனவர்களைத் தேடிப் பிடித்தார்கள். டோர் பயன்பாடு தெரியவே கூடாது என்றால் இணைப்பு அமைப்புகளில் பிரிட்ஜ் (பொதுப் பட்டியலில் இல்லாத நுழைவுக் கணு) தேர்ந்தெடுங்கள். அதில் ஓபிஎஃப்எஸ்4, ஸ்னோஃப்ளேக் என்ற வகைகள் உண்டு. நெட் மெதுவாகும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முனையம்:
சிக்னல் பற்றி ஒன்று. 2016-ல் அமெரிக்க கிராண்ட் ஜூரி (குற்ற விசாரணைக் குழு) ஆணைக்கு சிக்னலை நடத்துபவர்களால் கொடுக்க முடிந்தது கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த தேதியும் மட்டுமே. ஆனால் மடிக்கணினியில் சிக்னல் டெஸ்க்டாப் இருந்தால் உரையாடல்கள் அந்த வட்டிலேயே கிடக்கும். மறையும் செய்திகளை ஒரு வாரத்துக்கு அமைத்து, நடுவில் வேறு யாரும் இல்லை என்று உறுதிசெய்ய ஒவ்வொருவரின் பாதுகாப்பு எண்ணையும் நேரில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி வகை வட்டில் அழித்த கோப்பின் மேல் எழுதுவதை நம்ப வேண்டாம். தேய்மானத்தைப் பரப்ப அது வேறு இடத்தில் எழுதிவிடும், பழைய தரவு தங்கிவிடலாம்.