போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் போட்டாச்சு, வெளிய இருந்து மட்டும் திறக்கவே மாட்டேங்குது

பவர்கட்_பாண்டி:
வணக்கம் மக்களே. வீட்ல சும்மா கிடந்த பழைய லேப்டாப்ல உபுண்டு போட்டு, ஆப்ப தனிப் பெட்டியா வச்சு ஓட்டற டாக்கர்ல, கூகுள் போட்டோஸ் மாதிரி நம்ம வீட்டுலயே ஓடற இம்மிச் ஏத்தி வச்சிருக்கேன், அப்பா காலத்து போட்டோ பூரா ஸ்கேன் பண்ணி அதுல போட்டாச்சு, சிங்கப்பூர்ல இருக்க அண்ணனும் அண்ணியும் அங்க இருந்தே பாக்கணும், அதுக்குத்தான் இவ்ளோ பாடு. வீட்டு வைஃபைல 192.168.1.104, போர்ட் 2283 அடிச்சா சும்மா பறக்குது. ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் (வெளிய இருந்து வர்றத லேப்டாப்புக்கு திருப்பி விடற ரூல்) போட்டேன், உள்ள 2283 வெளிய 2283, டிசிபி. உபுண்டு ஃபயர்வால் யுஎஃப்டபிள்யூ-லயும் அலவ் பண்ணிட்டேன். "என் ஐபி என்ன"ன்னு கூகுள்ல கேட்டு வந்த நம்பர அண்ணனுக்கு அனுப்பினா ரெண்டு நிமிஷம் சுத்திட்டு டைம் அவுட் ஆகுதுங்கிறான். போர்ட் செக் பண்ற சைட்லயும் க்ளோஸ்டுனுதான் வருது. ரவுட்டர மூணு தடவ ரீசெட் பண்ணி ரூல திரும்பத் திரும்ப போட்டுட்டேன், நேத்து ராத்திரி 2 மணி வரைக்கும் இதே வேலை. எங்க தப்புன்னு யாராவது சொல்லுங்களேன்.

டர்போ_தங்கராசு:
ப்ரோ ரொம்ப யோசிக்காதீங்க, ரவுட்டர்ல டிஎம்ஸெட்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதுல லேப்டாப் ஐபிய போட்டு ஃபயர்வால ஆஃப் பண்ணிடுங்க. எனக்கு அப்படித்தான் கேம் சர்வர் வேலை செஞ்சுது.

மொட்டைமாடி_ஆண்டெனா:
தங்கராசு தம்பி, அது பூட்டு திறக்கலன்னு கதவையே கழட்டி வைக்கிற கதை. டிஎம்ஸெட் போட்டா லேப்டாப்ல திறந்திருக்க எல்லா போர்ட்டும் ஊருக்கே தெரியும், தூரத்துல இருந்து லாகின் பண்ற எஸ்எஸ்ஹெச் உட்பட. பாண்டி, அத செய்யாதீங்க.

முதல்ல ரூல விட்டுட்டு ஒண்ணே ஒண்ணு பாருங்க. ரவுட்டர் பேஜ்ல வான் (WAN, அதாவது வெளி இன்டர்நெட் பக்கம்) ஸ்டேட்டஸ்னு ஒரு இடம் இருக்கும், அங்க காட்ற ஐபியும் கூகுள் சொல்ற ஐபியும் ஒண்ணா? வேற வேறயா இருந்தா நீங்க காலம் முழுக்க ரூல் போட்டாலும் திறக்காது. அப்புறம் டெஸ்ட் பண்றப்ப வீட்டு வைஃபைல இருந்துக்கிட்டே வெளி ஐபிய அடிக்காதீங்க, உள்ள இருந்து வெளிய போய் திரும்ப உள்ள வர்றத நிறைய ரவுட்டர் விடாது, அத வச்சு முடிவு பண்ணா தப்பாயிடும். ஃபோன்ல வைஃபைய அணைச்சுட்டு மொபைல் டேட்டால பாருங்க.

பவர்கட்_பாண்டி:
அண்ணே பாத்துட்டேன். வான்ல 100.72-ன்னு ஆரம்பிக்குது, கூகுள் 103-ன்னு ஆரம்பிக்கிற ஒண்ண சொல்லுது. மொபைல் டேட்டாலயும் அதே டைம் அவுட்தான்.

மொட்டைமாடி_ஆண்டெனா:
அப்ப நோய் தெரிஞ்சு போச்சு. சிஜிநாட் (CGNAT), அதாவது ஒரே வெளி ஐபிய கம்பெனி பல வீட்டுக்குப் பங்கு போடறது.

100.64-ல இருந்து 100.127 வரைக்கும் உள்ள அட்ரஸ் எல்லாம் இன்டர்நெட் கம்பெனிங்க தங்களுக்குள்ள வச்சுக்கிறதுக்குன்னே 2012-ல ஒதுக்கினது. ஐபிவி4-ல மொத்தமே சுமார் 430 கோடி அட்ரஸ்தான், 2011 பிப்ரவரியிலயே மேல இருக்க பொதுக் கையிருப்பு தீந்து போச்சு, நம்ம ஆசியா பக்கம் அதே வருஷம் ஏப்ரல்ல கடைசி கட்டத்துக்கு வந்துட்டாங்க. அதனால கம்பெனிக்காரங்க என்ன பண்றாங்கன்னா ஒரே வெளி அட்ரஸ பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுக்கறாங்க. அபார்ட்மென்ட்டுக்கு ஒரே கேட், ஒரே டோர் நம்பர், உங்க வீட்டுக் கதவ நீங்க திறந்து வச்சுக்கிட்டு விருந்தாளி வரலயேன்னு நின்னா எப்படி, கீழ வாட்ச்மேனுக்கு எந்த வீட்டுக்கு அனுப்பணும்னு யாரும் சொல்லலயே. நீங்க போட்ட ரூல் உங்க வீட்டுக் கதவுக்குத்தான். அவங்க பெட்டில ரூல் போட உங்களுக்கு வழி கிடையாது.

வழி என்னன்னா, இன்டர்நெட் கம்பெனி ஆபீஸ்க்கு ஃபோன் பண்ணி ஸ்டேடிக் ஐபி (உங்களுக்கே உங்களுக்குன்னு மாறாத வெளி ஐபி) கேளுங்க, பெரும்பாலும் தனிக் காசு. இல்ல ஐபிவி6 (அட்ரஸ் தட்டுப்பாடே இல்லாத புது முறை) இருந்தா அதுல போலாம், ஆனா பாக்கிறவங்க பக்கமும் இருக்கணும், ரவுட்டர் ஃபயர்வால்லயும் தனியா வழி விடணும். இல்ல டெயில்ஸ்கேல், ஆப் போட்ட மெஷின்கள மட்டும் தனி நெட்வொர்க்கா சேத்து வைக்கிற விபிஎன், அதுக்கு போர்ட்டே திறக்க வேணாம், சிஜிநாட்டுக்குள்ளயே ஓடும். ஒரு எச்சரிக்கை, டெயில்ஸ்கேலும் அதே 100 அட்ரஸ்தான் குடுக்கும், அத பாத்துட்டு பின்னாடி குழம்பாதீங்க, நான் ஒரு நாள் பூரா குழம்பியிருக்கேன்.

திண்டுக்கல்_பூட்டு:
இன்னொண்ணும் சொல்லிடறேன், யுஎஃப்டபிள்யூ-ல அலவ் பண்ணேன்னு சொன்னீங்கல்ல, டாக்கர் திறக்கிற போர்ட் யுஎஃப்டபிள்யூ-வ கேக்கவே கேக்காது, அது நேரா லினக்ஸோட அடிமட்ட ஃபயர்வால் ஐபிடேபிள்ஸ்ல தனக்கு ரூல் போட்டுக்கும். அதனால உங்க பிரச்சனை அதுல இல்ல. ஆனா நாளைக்கு யுஎஃப்டபிள்யூ-ல மூடிட்டேன்னு நிம்மதியா தூங்கினீங்கன்னா அது மூடியிருக்காது, ஞாபகம் வச்சுக்கங்க.

பவர்கட்_பாண்டி:
டெயில்ஸ்கேல் எனக்கு ஓகே, அண்ணியோட அம்மா அப்பாவுக்கு எல்லாம் ஆப் போட்டு லாகின் பண்ண வைக்க முடியாது, வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பினா தொட்டதும் திறக்கணும் அவங்களுக்கு. அதனால ஸ்டேடிக் ஐபி கேட்டுட்டேன். மொதல்ல ஃபோன் எடுத்தவங்களுக்கு அப்படின்னா என்னன்னே தெரியல, ஸ்பீட் கம்மியா சார்னு கேக்கறாங்க, கடைசில நம்ம ஏரியா லைன் ஆளு நம்பர புடிச்சு அவரு மூலமா ரெண்டு நாள்ல வந்துச்சு. இப்ப வான்ல காட்றதும் கூகுள் காட்றதும் ஒண்ணுதான். ஆனா இன்னும் திறக்கல!! இப்ப சுத்தறது கூட இல்ல, அடிச்ச அடுத்த செகண்டே கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி வருது. முன்ன விட மோசமாயிடுச்சா?

மொட்டைமாடி_ஆண்டெனா:
மோசம் இல்ல தம்பி, பாதி தூரம் தாண்டிட்டீங்க. டைம் அவுட்னா அனுப்பினது எங்கயோ வழியிலயே விழுந்துடுது, பதிலே இல்ல. ரெஃப்யூஸ்டுன்னா ஏதோ ஒரு மெஷின் கைக்குப் போய் "இங்க அப்படி யாரும் இல்ல"ன்னு பதில் வருது. அந்த மெஷின் எதுன்னுதான் இப்ப கேள்வி. லேப்டாப்ல டிசிபிடம்ப் (நெட்வொர்க்ல வர்றது போறத காட்ற டூல்) ஓட விட்டு 2283 மட்டும் பாக்கிற மாதிரி வச்சுட்டு மொபைல்ல இருந்து அடிங்க. ஒரு வரியாச்சும் வருதா?

பவர்கட்_பாண்டி:
ஒண்ணுமே வரலண்ணே. ஆனா லேப்டாப்ல லோக்கல்ஹோஸ்ட் போட்டா இம்மிச் ஓடுது.

திண்டுக்கல்_பூட்டு:
லேப்டாப் ஐபி இன்னும் 104 தானா? லோக்கல்ஹோஸ்ட்ல ஓடுறது எல்லாம் சாட்சி ஆகாது, அது லேப்டாப் தன்னையே கூப்பிட்டுக்கிறது.

பவர்கட்_பாண்டி:
யோவ்வ்வ்... 107!! முந்தாநேத்து இங்க கரண்ட் போச்சு, லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு அது பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு, ரவுட்டர் அணைஞ்சு திரும்ப வந்தப்போ 104-அ ஹால்ல இருக்க டிவி புடிச்சுக்கிச்சு. ரெண்டு நாளா எங்கண்ணன் சிங்கப்பூர்ல இருந்து எங்க வீட்டு டிவியத் தட்டிட்டு இருந்திருக்கான். ரவுட்டர்ல லேப்டாப்போட மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பர்) போட்டு லேப்டாப்புக்கு 104-அ ரிசர்வ் பண்ணிட்டேன், டிவியயும் லேப்டாப்பயும் ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், திறந்துடுச்சு. இப்பத்தான் வீடியோ கால்ல அண்ணன் அப்பாவோட லாம்ப்ரட்டா போட்டோவ பாத்துட்டு பேசாம உக்காந்திருந்தான்.

மொட்டைமாடி_ஆண்டெனா:
சந்தோஷம். ஆனா 2283-அ இப்படியே விடாதீங்க, இது வெறும் ஹெச்டிடிபி, பாஸ்வேர்ட் அப்படியே தெரியற மாதிரி போகும். ஒரு டொமைன் வாங்கி முன்னாடி கேடி (Caddy)ங்கிற வெப் சர்வர வச்சு ஹெச்டிடிபிஎஸ் போர்ட் 443 மட்டும் திறங்க, ஹெச்டிடிபிஎஸ்க்கு வேண்டிய சர்டிபிகேட்ட அதுவே வாங்கிக்கும், காலாவதி ஆறதுக்கு முன்ன அதுவே புதுப்பிச்சுக்கும். சர்டிபிகேட் வாங்கின உடனே உங்க டொமைன் பேரு பொது லாக்ல ஏறிடும், அத பாத்துட்டு தானா ஓட்டை தேடற பாட் (bot) ப்ரோக்ராமுங்க தட்ட ஆரம்பிக்கும், லாக பாத்து பயந்துடாதீங்க, பாஸ்வேர்ட மட்டும் நல்லா வைங்க, இம்மிச்ச அப்டேட் பண்ணிட்டே இருங்க.

பவர்கட்_பாண்டி:
சரிண்ணே, இந்த வாரக் கடைசில செஞ்சுடறேன். அதுக்கு 80-உம் திறக்கணுமா?

திண்டுக்கல்_பூட்டு:
திறந்து வைங்க, ஹெச்டிடிபினு அடிக்கிறவங்கள ஹெச்டிடிபிஎஸ்க்கு அதுவே திருப்பி விட்டுடும். 2283 ரூல அழிக்க மறந்துடாதீங்க. அப்படியே அந்த ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி மாட்டுங்க, பேரே பவர்கட்னு வச்சிருக்கீங்க.