ஷியர்னஸ் படகுக் கிடங்கின் இரும்புச் சட்டகம்: பொறியாளர்களிடம் ஓர் உதவி

குழுவினருக்கு வணக்கம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள ஷியர்னஸ் கடற்படைத் தளத்தில் 1858 முதல் 1860 வரை கட்டப்பட்ட படகுக் கிடங்கின் சிறு மாதிரியை, கட்டடக்கலை மாணவர்களுக்காகச் செய்து வருகிறேன். இதை வடிவமைத்த காட்ஃப்ரி கிரீன், வங்காளப் பொறியாளர் படையிலிருந்து வந்த ராணுவ அதிகாரி.

நடுவில் கூரை வரை திறந்த கூடம். இருபுறமும் நான்கு தளங்கள். படகுகளை மேலே ஏற்றுவதற்குக் கூடத்தின் உச்சியில் நகரும் பாரந்தூக்கிகள். வெளிப்புறத்தில் நெளி இரும்புத் தகடுகளும் நீண்ட ஜன்னல் வரிசைகளும் மாறி மாறி வருகின்றன. விக்டோரியா காலத்துக்கே உரிய அலங்காரம் எதுவுமில்லாததால், புகைப்படத்தைப் பார்ப்பவர்கள் இதை 1950களின் தொழிற்சாலை என்றே நினைப்பார்கள்.

என் சிக்கல் சந்திப்புகளில் இருக்கிறது. காற்றை எதிர்க்கக் கனத்த செங்கல் சுவரோ குறுக்குச் சாய்சட்டமோ இல்லாமல், தூணும் உத்தரமும் இணையும் இடத்தின் விறைப்பை மட்டுமே நம்பி நிற்கும் கட்டடம் இது. மாதிரியிலோ உத்தரத்தின் முனையை வெறுமனே ஒட்டினால், பக்கவாட்டில் விரலால் தொட்டதும் முழுச் சட்டகமும் சாய்ந்துவிடுகிறது. தவிர, தூண்கள் வார்ப்பிரும்பாலானவை; வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவிசையைத் தாங்காது. காற்று தள்ளும்போது வளையும் தூணின் ஒரு பக்கத்தில் தோன்றும் இழுவிசையை, மேலிருந்து வரும் தளங்களின் எடை ஈடுசெய்துவிடுமா?

பழைய இரும்புக் கட்டடங்களில் பணியாற்றியவர்கள் இதை விளக்கினாலோ, அச்சந்திப்பின் அளவு வரைபடம் கிடைக்குமிடத்தைத் தெரிவித்தாலோ பெரிதும் உதவியாக இருக்கும். 1:50 அளவில் விறைப்பான சந்திப்பைச் செய்ய ஏற்ற பொருள் எது என்பதையும் மாதிரி செய்து பழகியவர்கள் கூற வேண்டுகிறேன். பித்தளைத் தகட்டைப் பற்றவைக்கலாமா என்று யோசித்து வருகிறேன்.